தர்ஸே நிஜாமி: ஒரு பாடத்திட்டத்தின் வரலாறும் படிப்பினையும்

நம் கல்லூரிகளின் பாடத்திட்டத்தைச் சீர்செய்ய வேண்டும் என்ற பேச்சு நம்மிடையே புதியதன்று. அரபிக் கல்லூரிகளின் ஆண்டு விழாக்களிலும், கலை அறிவியல் கல்லூரிகளின் கருத்தரங்குகளிலும் அது தவறாமல் எழுகிறது. ஒரு சாரார், முன்னோர் வகுத்த பாடத்திட்டத்தில் கை வைப்பது அவர்களுக்குச் செய்யும் துரோகம் என்கின்றனர். மற்றொரு சாரார், பழையதன்மேல் கணினியையும் ஆங்கிலத்தையும் பொருளியலையும் சேர்த்துவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்கின்றனர். இரு சாராரும் பாடத்திட்டம் என்பதை ஒரு நூற்பட்டியலாகவே காண்கின்றனர். முன்னவர் பட்டியலைக் காக்க விரும்புகின்றனர். பின்னவர் அதை நீட்ட விரும்புகின்றனர்.

இந்திய மத்ரஸாக்களில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக வழங்கிவரும் தர்ஸே நிஜாமியின் வரலாற்றை ஊன்றிப் பார்த்தால், அதை உருவாக்கியவர் இவ்விரு சாராரையும் ஏற்றிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. அவ்வரலாற்றுக்கும் நம் சென்னைக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதையும் நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

பெயரால் வந்த குழப்பம்

முதலில் ஒரு பிழையை நீக்கிக் கொள்வோம். 'நிஜாமி' என்ற பெயரைக் கேட்டதும், ஸல்ஜூக்கிய அமைச்சர் நிஜாமுல் முல்க் பக்தாதில் 1067இல் திறந்த நிஜாமிய்யா மத்ரஸாவின் பாடத்திட்டமே இது என்று எண்ணுவோர் உண்டு. மேடைகளிலும் அவ்வாறு சொல்லக் கேட்டிருக்கிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1091 முதல் 1095 வரை பாடம் நடத்திய புகழ்மிக்க கல்விக்கூடம் அது. ஆனால் நம்மிடையே வழங்கும் தர்ஸே நிஜாமிக்கு அதனோடு பெயர் ஒற்றுமையைத் தவிர நேரடித் தொடர்பில்லை. இது 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லக்னோ நகரில் ஓர் ஆசிரியரின் வீட்டில் உருப்பெற்றது. அவர் பெயர் முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்).

லக்னோவை அடுத்த சிஹாலி என்னும் ஊரில் வாழ்ந்த முல்லா குத்புத்தீன் (ரஹ்) அக்காலத்தில் தர்க்க, தத்துவக் கலைகளில் பேர்பெற்ற ஆசிரியர். 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், நிலத்தகராறு ஒன்றில் அவர் தம் வீட்டிலேயே கொலையுண்டார். தந்தையை இழந்து நின்ற மக்களுக்குப் பேரரசர் ஒளரங்கசீப் லக்னோவில் ஒரு மாளிகையை மானியமாக வழங்கினார். முன்னர் ஐரோப்பிய வணிகர் ஒருவர் குடியிருந்ததால் அது 'ஃபிரங்கி மஹல்' எனப்பட்டது. பரங்கியர் மாளிகை இவ்வாறு உலமாக்களின் இல்லமாயிற்று. தந்தை கொல்லப்பட்டபோது சிறுவராயிருந்த மூன்றாம் மகன் நிஜாமுத்தீன், கல்வியை முடித்துக்கொண்டு அம்மாளிகையில் பாடம் நடத்தத் தொடங்கினார். 1748இல் அவர் காலமாகும்வரை அப்பணி நீடித்தது.

இங்கு நாம் கருத வேண்டிய ஒன்றுண்டு. தர்ஸே நிஜாமி அரசாணையால் பிறந்ததன்று. கல்லூரி விதியாகவும் எழுதப்பட்டதன்று. ஓர் ஆசிரியர் தம்மிடம் வந்த மாணவர்க்கு ஓதிக்கொடுத்த முறையே அது. அவர்தம் மாணவர்கள் சென்ற இடமெல்லாம் அம்முறையைக் கொண்டு சென்றனர். ஆசிரியரின் பெயரும் அதனோடு சென்றது.

பட்டியலுக்குள் இருந்த கொள்கை

பாடநூல்களை நோக்குவோம். சொல்லிலக்கணமாகிய ஸர்ஃபுக்கு மீஸான் முதலாக ஷாஃபியா ஈறாக உள்ள நூல்கள், தொடரிலக்கணமாகிய நஹ்வுக்கு ஹிதாயத்துன் நஹ்வு, காஃபியா, ஷரஹ் ஜாமி, தர்க்கமாகிய மன்திக்குக்கு ஈஸாகோஜி, தஹ்தீபு, குத்பி, சுல்லமுல் உலூம், தத்துவத்துக்கு மைபுதி, ஸத்ரா, ஷம்ஸே பாஸிகா, கணிதத்துக்குக் குலாஸத்துல் ஹிஸாபும் யூக்ளிடின் முதற்பகுதியும், வானியலுக்கு ஷரஹ் சக்மீனி, ஃபிக்ஹுக்கு ஷரஹ் விகாயாவும் ஹிதாயாவும், உசூலுக்கு நூருல் அன்வார், தவ்ளீஹ், முஸல்லமுத் துபூத், தஃப்ஸீருக்கு ஜலாலைனும் பைளாவியும், ஹதீஸுக்கு மிஷ்காத். முக்கியமானவை இவை.

இத்தேர்வில் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. அல்லாமா ஷிப்லி நுஃமானி அதனை ஆராய்ந்து எழுதியுள்ளார். அவர்தம் கருத்துகளை அடியொற்றி நாம் மூன்று கூறுகளைக் குறிக்கலாம்.

முதலாவது, சுருக்கம். தர்க்கம் நீங்கலாக மற்றக் கலைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நூல்களே வைக்கப்பட்டன. அவற்றிலும் சில முழுமையாக ஓதப்படவில்லை. பைளாவியின் தஃப்ஸீரில் சூரத்துல் பகராவோடு நிறுத்திக்கொள்வது வழக்கமாயிற்று. திறமையுள்ள மாணவன் வாலிபத்தின் தொடக்கத்திலேயே கல்வியை முடித்துவிட இது வழி செய்தது.

இரண்டாவது, கடினம். ஒவ்வொரு கலையிலும் எளிதில் பிடிபடாத, சொற்செறிவு மிக்க நூலே தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்நூலின் செய்திகளை மனத்தில் நிரப்புவது இதன் நோக்கமன்று. கடினமான ஒரு நூலை ஆசிரியரின் துணையோடு பிளந்து பார்க்கப் பழகியவன், அக்கலையின் மற்ற நூல்களைத் துணையின்றியே படித்துக்கொள்வான் என்பதே இதன் அடிப்படை. ஆகவே பாடம் முடிவது கல்வி முடிவதாகாது. அது மாணவன் கையில் திறவுகோலை ஒப்படைக்கும் நாளாகும்.

மூன்றாவது, புதுமை. இதுவே இன்று பலரும் கவனிக்கத் தவறுவது. சுல்லம், முஸல்லம் ஆகிய இரண்டையும் எழுதிய முஹிப்புல்லாஹ் பிஹாரி காலமானது 1707இல். நூருல் அன்வாரின் ஆசிரியரும் ஒளரங்கசீப்பின் உஸ்தாதுமான முல்லா ஜீவன் காலமானது 1718இல். ஷம்ஸே பாஸிகாவை இயற்றிய முல்லா மஹ்மூது ஜவ்ன்பூரி 1652இல் காலமானவர். அதாவது நிஜாமுத்தீன் தம் காலத்தவர், தமக்குச் சற்று முந்தியவர் ஆகியோரின் நூல்களைத் தயங்காமல் பாடமாக்கினார். புகாராவிலும் ஷீராஸிலும் பிறந்த நூல்களுக்கு இணையாக இந்திய மண்ணில் பிறந்த நூல்களையும் வைத்தார். தாம் எழுதியவற்றை அதில் சேர்க்கவில்லை. நாம் இன்று 'பழமை' என்று போற்றும் பட்டியல், அது பிறந்தபோது புத்தம் புதியதாயிருந்தது.

குறையும் இல்லாமல் இல்லை. தர்க்கமும் தத்துவமும் ஓங்கி நிற்க, ஹதீஸுக்கு மிஷ்காத் ஒன்றே இடம்பெற்றது. அதே காலத்தில் டில்லியில் ஷாஹ் வலியுல்லாஹ் (ரஹ்) (1703–1762) ஹதீஸையே கல்வியின் மையமாக்கினார் என்பதை நோக்க, இக்குறை பெரிதாகவே தெரிகிறது. எனினும் லக்னோவின் மாணவர் பலர் நவாபுகளின் அரசுகளில் காஜிகளாகவும் முஃப்திகளாகவும் அலுவலர்களாகவும் பணியாற்றச் சென்றவர்கள். வழக்கை அலசவும், ஆவணத்தின் சொல்லை எடைபோடவும், எதிர்வாதத்தின் ஓட்டையைக் காணவும் வேண்டிய பயிற்சியை அப்பாடத்திட்டம் அவர்களுக்குத் தந்தது. கல்விக்கும் வாழ்க்கைக்கும் இடையே அன்று ஒரு பாலம் இருந்தது.

திருவல்லிக்கேணியில் ஒரு கல்விக் கடல்

முல்லா நிஜாமுத்தீனின் மகன் அப்துல் அலீ (ரஹ்) (1731–1810). 'பஹ்ருல் உலூம்' – கல்விக் கடல் – என்ற சிறப்புப் பெயரால் அறியப்பட்டவர். லக்னோவில் எழுந்த பிணக்குகளால் ஊரை விட்டு வெளியேறிய அவர், ஷாஜஹான்பூர், ராம்பூர், வங்காளத்தின் புஹார் ஆகிய இடங்களில் பாடம் நடத்திய பின்னர், ஆற்காட்டு நவாபு முஹம்மது அலீ வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்தார். அவருக்கென நவாபு இங்கு ஒரு மத்ரஸாவை நிறுவினார். தம் இறுதிக்காலம்வரை பாடம் நடத்திய அவர் 1810இல் இங்கேயே காலமானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ளார்.

முஸல்லமுத் துபூத்துக்கு அவர் எழுதிய விரிவுரையான ஃபவாதிஹுர் ரஹமூத், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் பூலாக் அச்சகத்தில் இமாம் கஸ்ஸாலியின் முஸ்தஸ்ஃபாவோடு சேர்த்து அச்சிடப்பட்டது. உசூல் கலையைக் கற்போர் அரபு நாடுகளில் இன்றும் அதனைப் புரட்டுகின்றனர். ஐவேளையும் அப்பள்ளிவாசலுக்கு வந்துபோகும் நம்மில் எத்தனை பேர் இதனை அறிவோம்?

அவர் கொண்டுவந்த பாடமுறை, தென்னாட்டில் முன்பே வேரூன்றியிருந்த கல்விமரபோடு கலந்தது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கரையோர ஊர்களிலும் மலையாளத்துப் பொன்னானியிலும் ஷாஃபிஈ ஃபிக்ஹு சார்ந்த அரபுக் கல்வி நெடுங்காலமாகச் செழித்திருந்தது. தர்ஸே நிஜாமியின் ஃபிக்ஹு நூல்களோ ஹனஃபி நூல்கள். தென்னாட்டு உலமாக்கள் இதனை ஒரு சிக்கலாக எண்ணவில்லை. தமிழகத்தின் அரபிக் கல்லூரிகள் பலவற்றில் ஹனஃபி நூல்களோடு ஷாஃபிஈ நூல்களும் ஓதிக்கொடுக்கப்படுகின்றன. மாணவர் யார், அவர் எந்த மக்களிடையே பணியாற்றப் போகிறார் என்று பார்த்து நூலை மாற்றிக்கொள்ளும் பக்குவம் நம் முன்னோரிடம் இருந்தது. பாடத்திட்டத்தில் கை வைப்பது துரோகம் என்போர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பட்டியல் இறுகிய கதை

பின்னர் நிகழ்ந்தது என்ன? சுருக்கம் என்ற கொள்கை முதலில் தளர்ந்தது. சுல்லமுல் உலூமுக்கு முல்லா ஹஸன், ஹம்துல்லாஹ், காஜி முபாரக் ஆகியோர் எழுதிய விரிவுரைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடத்தில் நுழைந்தன. விரிவுரைக்கு விளக்கம், விளக்கத்துக்கு ஓரக்குறிப்பு என்று ஒரே நூலைச் சுற்றி மாணவன் ஆண்டுக்கணக்கில் வலம்வந்தான். தர்க்கம் கருவியாயிருந்த நிலை மாறி, கருவியைத் தீட்டுவதே தொழிலாகிவிட்டது. தீட்டிய கருவியால் அறுவடை செய்யப் பொழுதில்லாமற் போயிற்று.

அடுத்து, வாழ்க்கையோடு இருந்த பாலம் உடைந்தது. 1780இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் கல்கத்தா மத்ரஸாவை நிறுவியபோது தர்ஸே நிஜாமியே அங்குப் பாடமாயிற்று. கம்பெனியின் நீதிமன்றங்களுக்கு இஸ்லாமியச் சட்டம் சொல்லும் மௌலவிகள் தேவைப்பட்டதால் அக்கல்விக்கு அப்போது மதிப்பிருந்தது. 1837இல் அலுவல் மொழி என்ற நிலையைப் பாரசீகம் இழந்தது. 1864இல் நீதிமன்ற மௌலவிகளின் பதவிகளே ஒழிக்கப்பட்டன. யாருக்காக, எப்பணிக்காக அப்பாடத்திட்டம் பொருந்தி வந்ததோ அப்பணி மறைந்துவிட்டது. பாடத்திட்டம் மட்டும் எஞ்சியது. பயன் மறைந்த பிறகு ஒரு வழக்கம் நீடிக்குமாயின், அது புனிதமாக்கப்பட்டே நீடிக்கும். பட்டியல் மாற்றத்தகாததாயிற்று.

இத்தகைய நிலையை முன்னரே கண்டு எழுதியவர் இப்னு கல்தூன் (1332–1406). 1377இல் எழுதிய முகத்திமாவில் கல்வியைப் பற்றி அவர் கூறியவை இன்றும் நம்மைச் சுடுகின்றன. மொராக்கோவின் மத்ரஸாக்களில் மாணவர் தங்கிப் பயில ஒதுக்கிய காலம் பதினாறு ஆண்டுகள் என்றும், தூனிஸில் ஐந்தே ஆண்டுகள் என்றும் அவர் ஒப்பிடுகிறார். அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டது பாடத்தின் ஆழத்தால் அன்று, கற்பிக்கும் முறையின் குறையால் என்பது அவர் முடிவு. மாணவர் வாய் திறவாமல் பாடத்தில் அமர்ந்திருக்கின்றனர், மனனத்தில் மூழ்குகின்றனர், உரையாடவும் வாதிடவும் பழகாததால் 'மலகா' எனப்படும் கலைத்தேர்ச்சி அவர்களுக்கு வாய்ப்பதில்லை என்கிறார். ஒரு கலையை மும்முறை நடத்த வேண்டும் என்பது அவர் காட்டும் வழி. முதன்முறை அதன் பொது வடிவம். இரண்டாம் முறை விரிவும் கருத்து வேற்றுமைகளும். மூன்றாம் முறை ஐயம் எதுவும் எஞ்சாத தெளிவு.

சொற்செறிவு மிக்க சுருக்க நூல்கள் கற்போருக்குத் தீங்கு என்றும் இப்னு கல்தூன் எழுதியுள்ளார். இது தர்ஸே நிஜாமியின் அடிப்படைக்கே எதிரானது போல் தோன்றும். ஆயினும் ஃபிரங்கி மஹலின் மரபில் கடின நூல் தனியே நிற்கவில்லை. பாடத்துக்கு முன் மாணவன் தானே படித்து வரும் முதாலஆ, பாடத்தில் ஆசிரியரோடு நிகழும் கேள்வி பதில், பாடத்துக்குப் பின் தோழரோடு அமர்ந்து ஒருவருக்கொருவர் எடுத்துரைக்கும் தக்ரார் ஆகிய மூன்றும் அதனைத் தாங்கி நின்றன. இம்மூன்றும் இருக்கும்வரை கடினம் பயிற்சியாயிற்று. இவை தேய்ந்து, ஆசிரியர் வாசிக்க மாணவர் கேட்டுக்கொண்டிருக்கும் நிலை வந்தபோது அதே கடினம் சுமையாயிற்று. இப்னு கல்தூனின் எச்சரிக்கை அப்போது உண்மையாகிவிட்டது.

இரு சீர்திருத்தங்கள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு பெரும் முயற்சிகள் நிகழ்ந்தன. நீதிமன்ற மௌலவிகளின் பதவிகள் ஒழிந்து ஈராண்டுகளில், 1866இல் தேவ்பந்து தாருல் உலூம் தோன்றியது. அது நிஜாமுத்தீனின் பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டு, ஷாஹ் வலியுல்லாஹ்வின் மரபுக்கேற்ப ஆறு ஹதீஸ் தொகுப்புகளையும் அதன் சிகரமாக்கியது. வீட்டுத் திண்ணையில் தனி ஆசிரியரை நம்பி நின்ற கல்வியை வகுப்பு, ஆண்டுத் தேர்வு, பொது நூலகம், மக்களின் நன்கொடை ஆகிய ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. ஆனால் ஒழுங்கு வந்ததோடு ஓர் இழப்பும் வந்தது. மாணவனின் வேகத்துக்கேற்ப நூலைக் கூட்டியும் குறைத்தும் நடத்திய ஆசிரியரின் உரிமை, ஆண்டுத் திட்டத்துக்குள் அடங்கிப்போயிற்று.

பாடத்திட்டத்தையே மறு ஆய்வுக்கு உட்படுத்த எழுந்தது நத்வத்துல் உலமா இயக்கம். மௌலானா முஹம்மது அலீ மோங்கேரி முதலியோர் 1890களில் தொடங்கிய இவ்வியக்கம், 1898இல் லக்னோவில் தாருல் உலூமை நிறுவியது. அலீகர் கல்லூரியில் பதினாறு ஆண்டுகள் ஆசிரியராயிருந்தவரும், 1892இல் துருக்கி, சிரியா, எகிப்து நாடுகளின் கல்விநிலையங்களை நேரில் கண்டவருமான ஷிப்லி நுஃமானி 1905இல் அதன் கல்விப் பொறுப்பை ஏற்றார். அரபு மொழியைப் பேசவும் எழுதவும் மாணவர்க்கு வரவேண்டும், குர்ஆனும் இலக்கியமும் கூடுதல் இடம்பெற வேண்டும், ஆங்கிலமும் வேண்டும், விரிவுரைகளின் சுமை குறைய வேண்டும் என்பன அவர்தம் நோக்கங்கள். எதிர்ப்பு பலமாயிருந்தது. 1913இல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். மறு ஆண்டு காலமானார்.

எனினும் அவர் உழைப்பு வீண்போகவில்லை. அவர்தம் மாணவர் ஸையித் சுலைமான் நத்வி, 1925இல் வணிகப் பெருமகன் ஜமால் முஹம்மதின் ஆதரவில் சென்னைக்கு வந்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பற்றி எட்டுப் பேருரைகள் ஆற்றினார். குத்பாத்தே மத்ராஸ் என்று நூலாகி உலகெங்கும் பரவிய உரைகள் அவை. புதிய கல்வி பயின்ற இளைஞர்க்கு அவர்தம் மொழியில், அவர்தம் ஐயங்களை அறிந்து விடைசொல்லும் ஆலிமை ஒரு பாடத்திட்ட மாற்றம் உருவாக்க முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நமக்குள்ள படிப்பினை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது என்ன? நிஜாமுத்தீன் விட்டுச் சென்றவை இரண்டு: ஒன்று நூற்பட்டியல், மற்றொன்று, மாணவனைத் தானே கற்கவல்லவனாக்கும் முறை. பட்டியல் அம்முறைக்குத் துணையாக வந்தது. நாம் துணையைப் பேணி முதலை இழந்தோம்.

இது அரபிக் கல்லூரிகளுக்கு மட்டும் உரிய குறையன்று. நம் சமுதாயம் பெரும் பொருட்செலவில் நடத்தும் கலை அறிவியல் கல்லூரிகளிலும் இதே நோய் வேறு உடையில் உலவுகிறது. அங்கே விரிவுரைக்கு விரிவுரை இல்லை. பாடக்குறிப்பும் வினா விடைத் தொகுப்பும் உண்டு. மூலநூலைத் தொடாமலே பட்டம் பெற்று வெளிவரும் மாணவர் பலர். பருவந்தோறும் தாள்கள் பெருகுகின்றன. ஒரு தாளில் ஊன்றி நிற்கப் பொழுதில்லை. அண்மை ஆண்டுகளில் 'கற்றல் விளைவு' என்ற சொல் கல்லூரிகளில் அடிக்கடி ஒலிக்கிறது. படிவங்களில் அது நிரப்பவும் படுகிறது. படித்து முடித்தபின் மாணவனால் என்ன செய்ய முடியும் என்பதே அதன் பொருள் என்றால், நிஜாமுத்தீன் அதனைப் படிவமின்றியே அறிந்திருந்தார்.

ஆகவே பாடத்திட்டக் குழுவில் அமரும் நம் பெரியோர் புதிய பாடம் ஒன்றைச் சேர்க்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். எதனை நீக்கி இதற்கு இடம் தருகிறோம்? எடுத்துக்கொண்ட நூலை ஆசிரியரும் மாணவரும் கூடிப் பேசிக் கற்க நேரம் வைத்திருக்கிறோமா? கற்றவன் நாளை எந்த மக்களிடையே, எப்பணியில் நிற்கப் போகிறான்? பழைய நூலைக் காக்க விரும்புவோருக்கும் இக்கேள்விகள் பொருந்தும். இவற்றுக்கு விடை கிடைத்தால் சுல்லமும் பயன்தரும், கணினியும் பயன்தரும். விடை இல்லையேல் இரண்டுமே சுமைதான்.

ஆசிரியர் பக்கமும் ஒரு கடமை உண்டு. ஃபிரங்கி மஹலின் பாடத்திட்டம் புகழ்பெற்றது நூல்களால் மட்டுமன்று. அந்நூல்களுக்கு உரை எழுதும் அளவுக்கு அவற்றில் தோய்ந்த ஆசிரியர்களால். பஹ்ருல் உலூம் தாம் ஓதிக்கொடுத்த சுல்லமுக்கும் முஸல்லமுக்கும் தாமே விரிவுரை எழுதினார். இன்று நம் உஸ்தாதுகளுக்கும் பேராசிரியர்களுக்கும் அத்தகைய ஓய்வும் ஊதியமும் நூலக வசதியும் தந்திருக்கிறோமா? கட்டடத்துக்கு வாரி வழங்கும் நம் கைகள், கற்பிப்போர் கற்பதற்கு வழங்கத் தயங்குகின்றன. பாடத்திட்டத்தைத் திருத்துவதற்கு முன்னரே தொடங்க வேண்டிய திருத்தம் இது.

அறிவை அதிகமாக்கித் தருமாறு இறைவனிடம் கேட்கக் கற்றுக்கொடுக்கப்பட்ட சமுதாயம் நாம். பட்டியலின் நீளத்தால் அறிவு அதிகமாகிவிடாது. அடுத்தமுறை வாலாஜா பள்ளிவாசலுக்குச் செல்வோர், அங்கு அடங்கியுள்ள அந்த ஆசிரியருக்காக ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு, அவர் நம்மிடம் ஒப்படைத்த திறவுகோல் எங்கே என்று சற்று எண்ணிப் பார்க்கட்டும்.